சாவியைக் கொடுக்கும் முன் சி-ஃபார்ம்: வெளிநாட்டு விருந்தினரும் மலை விடுதிகளும்

சீசன் தொடங்கிவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி விடுதிகளின் வரவேற்பு மேசையில் தினமும் நடப்பதுதான் இது. வெளிநாட்டுக்காரர் போனை நீட்டி இ-விசாவைக் காட்டுவார். டிரைவர் இ-பாஸைக் காட்டுவார். 2025 அக்டோபர் 1 முதல் இ-அரைவல் கார்டு என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூன்று 'இ'யையும் பார்த்த நிம்மதியில் பையன் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவான். அந்த மூன்றில் ஒன்றுகூட விடுதிக்காரர் போட வேண்டிய காகிதம் இல்லை. அது சி-ஃபார்ம்: வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்.

இ-பாஸ் வண்டிக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் இருக்கிறது. சோதனைச்சாவடியைத் தாண்டியதோடு அதன் வேலை முடிந்தது. இ-விசா நாட்டுக்குள் வர அனுமதி. இ-அரைவல் கார்டு, விமானத்தில் கொடுத்துவந்த காகிதச் சீட்டுக்குப் பதில் வந்தது. வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பயணி தானே இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல என்று முன்பதிவு உறுதிசெய்யும் மின்னஞ்சலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தக் கார்டில் இந்தியாவில் தங்கும் முகவரியும் கேட்பார்கள். விருந்தினர் உங்கள் விடுதிப் பெயரைப் போட்டிருந்தால், அவர் உங்களிடம் வரப்போவது நீங்கள் சொல்வதற்கு முன்பே பதிவாகியிருக்கும்.

உங்கள் பங்கு சி-ஃபார்ம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்து, 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களும் போய்விட்டன. புதிய விதிகளில் இந்தப் படிவத்தின் பெயரும் மாறியிருக்கிறது. ஆனால் பேச்சில் இன்னும் சி-ஃபார்ம்தான். வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நட்சத்திர ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எஸ்டேட் பங்களா, இரண்டு அறை ஹோம்ஸ்டே, கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் மாதக்கணக்கில் வாடகைக்கு விடும் வீடு எல்லாம் இதில் அடங்கும். தளத்தில் விடுதிக்கென்று ஒரு கணக்கு வேண்டும். விண்ணப்பித்த உடனே கிடைக்காது, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் வெளிநாட்டு விருந்தினர் வாசலில் நிற்கும்போது விண்ணப்பித்தால் 24 மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

நிரப்பும்போது பாஸ்போர்ட்டில் மூன்று பக்கம் கையில் இருக்க வேண்டும்: படம் உள்ள பக்கம், விசா, குடியேற்ற முத்திரை. முத்திரையைத்தான் பெரும்பாலோர் படம் எடுக்க மறந்துவிடுகிறார்கள். இந்தியாவுக்குள் வந்த தேதி அதில்தான் இருக்கிறது. விருந்தினர் வாய்மொழியாகச் சொல்லும் தேதி விமானம் ஏறிய தேதியாக இருக்கும். இ-விசாத் தாளில் விண்ணப்ப எண் வேறு, விசா எண் வேறு. அவசரத்தில் முதலாவதை எழுதிவிடுவது வாடிக்கை. பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறும். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் இருந்தால் தனிப் படிவம். நான்கு பேர் குடும்பத்துக்கு அப்பாவுடையதை மட்டும் ஏற்றிவிட்டு விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இன்னொரு பிழை நம் ஊருக்கே உரியது. வந்தவர் தமிழில் பேசினால் "நம்ம ஆள்தானே" என்று படிவத்தை விட்டுவிடுவது. மலேசியத் தமிழர், சிங்கப்பூர்த் தமிழர், கனடாவிலிருந்து வரும் யாழ்ப்பாணத்தார் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்தான். மலேசிய பாஸ்போர்ட்டில் பெயரும் தகப்பன் பெயரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்று சேர்ந்து ஒரே வரியில் வரும்; அதைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று நாமாக உடைக்கக் கூடாது, உள்ளபடியே எழுத வேண்டும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கூடலூர், கோத்தகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். பிறந்த ஊர் கண்டி, நுவரெலியா என்று பாஸ்போர்ட்டில் இருந்தால் அவர்களிடம் விசா கேட்பது அறியாமை, அவமதிப்பும்கூட. பிறந்த ஊரைப் பார்க்காதீர்கள், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று பாருங்கள்.

வேலைக்கு வைப்பது தனி விவகாரம். "சாப்பாடும் அறையும் கொடுத்தால் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று வரும் இளைஞர்கள் இந்த மலைகளில் அதிகம். சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணிக்கு இடம் இருக்கிறது: அதிகபட்சம் ஒரு மாதம், பணமோ வேறு எந்தக் கைம்மாறோ இல்லாமல். கைம்மாறு என்ற சொல்லைக் கவனியுங்கள். அறையும் சாப்பாடும் கைம்மாறுதான். சம்பளம் கொடுக்கவில்லையே என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. விசா நிபந்தனையை மீறியதாகவோ கூடுதலாகத் தங்கியதாகவோ ஆனால் அந்தப் பயணிக்கு 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முறையாக வேலைக்கு எடுப்பதென்றால் வேலை விசா. அதற்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தம் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளின் ஆசிரியர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. இத்தாலியச் சமையல்காரர் வருவார், ஆனால் எஸ்டேட் மேலாளர் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுக்க முடியாது. தொண்டு நிறுவனத்தில் மதிப்பூதியத்துக்குப் பணியாற்ற வருபவருக்கும் வேலை விசாதான். நிறுவனத்தின் பெயரும் பணியிடமும் விசாவிலேயே குறிக்கப்படும். அப்படியிருக்க, கோத்தகிரிக்கு வந்தவரைக் கொடைக்கானல் கிளைக்கு அனுப்பிவைப்பது சிக்கலில் முடியும்.

வேலை, கல்வி போன்ற விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். தங்குமிடச் சான்றாக அங்கே சி-ஃபார்ம் நகல் கேட்கிறார்கள். முதல் வாரம் தங்கிய ஹோம்ஸ்டே அதைப் போடாமல் விட்டிருந்தால், விருந்தினர் பன்னிரண்டாம் நாள் உங்களுக்கு போன் செய்வார். அப்போது ஏற்றினாலும் 24 மணி நேரக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

ஜூலை மழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் போவது புதிதல்ல. அதற்காக 24 மணி நேரக் கணக்கு நிற்பதில்லை. வந்தவுடனேயே மூன்று பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து ஏற்றத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரும் இருக்கட்டும். அறையைக் காலி செய்ததும் புறப்பாட்டையும் பதிந்து, இரண்டு நகலையும் விருந்தினரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.