சென்சார், உணரி: சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவரிடம் ‘சென்சார்’ என்று சொன்னால், சட்டைப் பையில் மாட்டியிருக்கும், நச்சு வாயு வந்தால் எச்சரிக்கும் சிறு பெட்டியைக் காட்டுவார். அதே சொல்லை அவருடைய வீட்டுப் பெரியவர் காதில் போட்டால், எந்தப் படத்துக்கு வெட்டு விழுந்தது என்று கேட்பார். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிறப்பால் இரண்டுக்கும் உறவே இல்லை. கருவியைக் குறிக்கும் சொல், ‘உணர்தல்’ என்று பொருள்படும் ‘சென்டிரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தணிக்கையைக் குறிப்பது ‘மதிப்பிடுதல்’ எனப் பொருள்படும் ‘சென்சேரே’யிலிருந்து வந்தது, பண்டைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரியின் பதவிப் பெயர் அது. தமிழில் எழுதும்போது கருவிக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்று நான் வற்புறுத்த இந்த ஒரு குழப்பமே போதும்.

அந்தச் சொல் ‘உணரி’. உணர் என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தது. பூச்சிக்கொல்லி, ஒலிவாங்கி எல்லாம் இந்த வார்ப்பில் வந்தவைதாம். ‘உணர்கருவி’ என்பதிலும் பிழையில்லை, ஆனால் முன்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் வாய்க்குள் அடங்காது. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகியவற்றை ஐம்பொறி என்கிறோம். இயந்திரத்துக்கும் பொறி என்றுதான் பெயர். புலனுறுப்பையும் இயந்திரத்தையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழிக்கு உணரும் இயந்திரம் அந்நியமாகப் படக் காரணமில்லை.

நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மலாயில் உணரிக்கு ‘பெண்டெரியா’ என்று பெயர். டெரியா என்றால் புலன். கண்டறியும் கருவி ‘பெங்கேசான்’. மலாய் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருப்பது நல்ல வழக்கம். தமிழிலும் உணரும் பகுதியை உணரி என்றும், அலறி எச்சரிக்கும் முழுப் பெட்டியைக் கண்டறிகருவி என்றும் பிரித்து எழுதலாம்.

சிக்கல் கூட்டுச்சொற்களில்தான் தொடங்குகிறது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள வீடுகளில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி இருக்கும். விரல் நுனியைக் குத்திப் பட்டையின் ஓரத்தைத் துளியில் தொட்டால், பட்டை இரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சில நொடிகளில் 8.4 என்று மில்லிமோல் கணக்கில் எண் வரும். பட்டையின் நுனியில் காய்ந்த நிலையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. பல பட்டைகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. இரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் இருந்தாலும் அந்த நொதி குளுக்கோஸைத்தான் பற்றும். பற்றி, அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி மின்முனைக்கு அனுப்புகிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனைதான் இதற்கு மூலம்.

இதை ‘உயிரி உணரி’ என்று எழுதுகிறார்கள். அப்படியே பொருள் கொண்டால் உயிரை உணர்வது என்றாகிறது. இங்கே உணரப்படுவதோ குளுக்கோஸ் என்ற வேதிப்பொருள். உயிரிடமிருந்து வந்தது உணர உதவும் நொதி. எதை உணர்கிறது என்பதையும், எதைக் கொண்டு உணர்கிறது என்பதையும் சொல் பிரித்துக் காட்ட வேண்டும். ‘ஒளியுணரி’யிலும் இதே குறை. அந்தி மயங்கியதும் தெருவிளக்கை ஏற்றுவது ஒளியை உணர்வது. ஒளியைக் கொண்டு வாயுவை உணர்வது வேறு. இடையில் ‘வழி’ என்ற சிறு சொல்லைப் போட்டால் தீர்ந்தது: உயிர்வழி உணரி, ஒளிவழி உணரி, மின்வழி உணரி. இலக்குப் பொருளை முன்னே வைத்தால் வேதி உணரி, வாயு உணரி.

ஆலைப் பெட்டிக்கு இப்பெயர்களைப் பொருத்திப் பார்க்கலாம். கழிவுநீர் காற்றில்லாமல் புளிக்கும் தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேனுக்கு வாசனையே இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆளைக் கொல்லும் இடம் அதுதான். மூக்கை நம்பி எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. பெட்டியில் ஹைட்ரஜன் சல்பைடை மின்முனையில் வினைபுரியவைத்து மின்னோட்டமாக அளப்பது மின்வழி உணரி. மீத்தேனுக்குப் பழைய முறை, பாசிமணி போன்ற சூடான சிறு உருண்டையின்மேல் வாயுவை எரித்து வெப்பத்தை அளப்பது. ஆக்சிஜன் குறைந்த தொட்டியில் அது பொய்க் கணக்குக் காட்டும். அங்கே ஒளிவழி உணரிதான் கைகொடுக்கும்: மீத்தேன் சுமார் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதால், எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்.

கோவிட் காலத்தில் வீட்டிலேயே பார்த்த சோதனைப் பட்டையை எதில் சேர்ப்பது? வைரஸின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை, பல பட்டைகளில், நுண்ணிய தங்கத் துகளில் ஏற்றியிருக்கிறார்கள். சிவப்புக் கோடாகத் தெரிவது அந்தத் தங்கம். பற்றும் பகுதி உயிர்வழிதான். ஆனால் உணரி என்றால், பற்றியதை அளக்கக்கூடிய குறிப்பாக மாற்றித்தரும் பகுதியும் உள்ளேயே இருக்க வேண்டும். ஆகவே நாம் கண்ணால் பார்க்கும்வரை அது சோதனைப் பட்டை; கோட்டின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் கருவியில் செருகினால், இரண்டும் சேர்ந்தே உயிர்வழி உணரி ஆகின்றன.