யஸ்து: ஒரு சொல்லும் ஓர் ஊரும்

ஈரானின் நடுப்பகுதியில், கவீர், லூத் என்ற இரண்டு பாலைவனங்களுக்கு இடையில் இருக்கிற பழைய ஊரைத் தமிழில் யாஸ்ட், யாஸ்த், யஸ்த் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவதால் வருகிற குழப்பம் இது. பாரசீகத்தில் அந்தப் பெயர் குறிலில் தொடங்குகிறது. கடைசியில் வருவது நாக்கு பல்லைத் தொடும் 'த', 'ட' அல்ல. நடுவில் இருக்கும் ஒலி நம் 'ஸ'வுக்கும் 'ஜ'வுக்கும் இடைப்பட்டது. அதற்கு எழுத்து இல்லாததால் 'ஸ்' போட்டுக்கொள்ளலாம். மெய்யில் முடியும் வேற்றுமொழிப் பெயரோடு உகரம் சேர்ப்பது நம் பழைய வழக்கம். ஆக, யஸ்து. கிரந்தம் வேண்டாதவர்கள் யசுது என்று எழுதலாம், தவறில்லை.

சரி, பொருள் என்ன? அரபுப் படையெடுப்புக்கு முன் ஈரானைச் சாசானிய அரசர்கள் ஆண்ட காலத்தின் பாரசீகம் பஹ்லவி எனப்படும். அந்த மொழியில் யஸ்து என்றால் தெய்வம். அதற்கும் மூத்த வடிவம், ஈரானின் பழைய மதத்தைப் பின்பற்றும் ஸொராஸ்ட்ரியர்களின் மறைநூலான அவெஸ்தாவில் 'யஸத' என்று வருகிறது. 'யஸ்' என்ற வினை வழிபடுவதையும் படையலிடுவதையும் குறிக்கும். யஸத என்றால் வழிபடத் தக்கவர். ஒப்பந்தங்களைக் காக்கும் மித்ர, நீருக்குரிய அனாஹிதா எல்லாரும் அந்த மரபில் யஸதர்கள்.

வடமொழியில் இதற்கு இணையான வேர் 'யஜ்'. பாரசீகமும் வடமொழியும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்பதால், அங்கே 'ஸ' ஒலிக்கும் பல இடங்களில் இங்கே 'ஜ' ஒலிக்கிறது. முழங்காலுக்கு வடமொழியில் ஜானு, பாரசீகத்தில் ஸானு. அப்படித்தான் யஸத, யஜத என்ற ஜோடியும். யாகம், யக்ஞம், யஜுர் எல்லாம் 'யஜ்' வேரில் கிளைத்தவை. இவற்றில் சில தமிழுக்கும் வந்தன. யக்ஞம் எக்கியம் ஆயிற்று. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'எஜமான்'. யஜமானன் என்றால் முதலில் முதலாளி இல்லை, தன் செலவில் வேள்வி செய்விப்பவர். பணம் கொடுப்பவர் என்பதிலிருந்து வீட்டுத்தலைவர், முதலாளி என்று பொருள் விரிந்துகொண்டே போனது. நாம் வாய்நிறையச் சொல்லும் எஜமானுக்கு யஸ்து நகரின் பெயர் தூரத்துச் சொந்தம்.

அப்படியென்றால் யஸத என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பலருக்கும் முதலில் தோன்றுவது 'தேவர்'. இந்த இடத்தில் மட்டும் அந்தச் சொல் கூடாது. இந்தியாவில் தேவ என்பது தெய்வத்தைக் குறிக்க, ஸொராஸ்ட்ரிய மரபில் அதே சொல் 'தஏவ' என்ற வடிவில் தீய சக்தியின் பெயராகிவிட்டது. இன்றைய பாரசீகத்திலும் 'தீவ்' என்றால் பூதம், அரக்கன். யஸதரைத் தேவர் என்று எழுதினால், அவர்கள் மரபுப்படி நல்லவரைக் கெட்டவர் பெயரால் அழைத்ததாகும்.

யாகத்துக்கு நம்மிடம் வேள்வி என்ற அருமையான சொல் இருக்கிறது. அதன் வினை வேட்டல். 'அவிசொரிந் தாயிரம் வேட்டலின்' என்று குறள் சொல்லும் வேட்டல் இதுதான். ஸொராஸ்ட்ரியர்களின் முதன்மைச் சடங்கான 'யஸ்ன' தீயின் முன் செய்யப்படுவதால், அதை வேள்வி என்றே எழுதலாம். ஆனால் யஸதரை 'வேட்டற்குரியோர்' என்றால் இன்றைய வாசகருக்கு வேட்டைதான் நினைவுக்கு வரும். என் தேர்வு தொழத்தக்கோர். சடங்கையும் பக்தியையும் சேர்த்தே சொல்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் யஸ்து என்றே வைத்துக்கொள்வதுதான் முறை.

இந்த வேர் பாரசீகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கவிதையில் கடவுளை 'யஸ்தான்' என்பார்கள், 'ஈஸத்' என்றும் சொல்வார்கள். விழா, கொண்டாட்டம் என்று பொருள்படும் 'ஜஷ்ன்' அந்த யஸ்னவின் திரிபுதான். உருதுவழியே அது இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. யஸ்திகர்து என்ற பெயரில் மூன்று சாசானிய அரசர்கள் இருந்தார்கள். 'கடவுள் படைத்தவன்' என்று அதற்குப் பொருள். அவர்களில் முதலாமவரோடு ஊரின் பெயரைத் தொடர்புபடுத்துவது உள்ளூர் மரபு. மூன்றாமவர் 651ஆம் ஆண்டு, இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கும் மெர்வ் நகர் அருகே கொல்லப்பட்டதோடு சாசானிய ஆட்சியே முடிந்தது.

அரபுப் படையெடுப்புக்குப் பிறகு ஈரான் மெல்ல மெல்ல இஸ்லாத்துக்கு மாறியது. பாலைவனத்துக்குள் ஒதுங்கிக் கிடந்த யஸ்துவிலும் கெர்மானிலும் ஸொராஸ்ட்ரியர்கள் தங்கிவிட்டார்கள். நிலைமை சுகமாக இல்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் மேல் விதித்த ஜிஸ்யா என்ற தலைவரியை அவர்கள் 1882 வரை கட்டினார்கள். ஈரானிலிருந்து முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்ட ஸொராஸ்ட்ரியர்களான பம்பாய்ப் பார்சிகள் 1854இல் அனுப்பிவைத்த மானெக்ஜி லிம்ஜி ஹத்தாரியா பல ஆண்டுகள் அங்கேயே தங்கிப் போராடித்தான் அந்த வரி நீங்கியது. அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும். மும்பையின் இரானி ஹோட்டல்களை நடத்திய குடும்பங்கள் பலவற்றுக்கு யஸ்துவும் அதைச் சுற்றிய கிராமங்களும்தான் சொந்த ஊர்.

இதற்கிடையே ஊருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்தது: 'தாருல் இபாதா'. அரபுச் சொல், வழிபாட்டின் இல்லம் என்று பொருள். தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் இபாதத் தான் இந்த இபாதா. பட்டம் கொடுத்தவர்கள் யஸ்து என்பதன் பழைய வேரைத் தேடிப் போய்க் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மதம் மாறிய பிறகு கிடைத்த பெயரும் வழிபாட்டையே சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாமிஆ பள்ளிவாசலின் இரட்டை மினார்கள் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. 1934இல் பார்சிகளின் உதவியோடு கட்டிய தீக்கோயிலில் கண்ணாடிக்கு அப்பால் தீ எரிந்துகொண்டிருக்கிறது. 1,500 ஆண்டுக்கும் மேலாக அணையாமல் இடம் மாற்றி மாற்றிக் காத்துவந்த தீ அது என்பது ஸொராஸ்ட்ரியர்களின் மரபு. அவர்களைத் 'தீ வணங்கிகள்' என்று எழுதுகிற பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அவர்கள் வணங்குவது முழுமுதற் கடவுளான அஹுர மஸ்தாவை. தீ அந்த வணக்கத்துக்கு முன்னிலை.

ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 6 செ.மீ. அளவுக்குத்தான் மழை பெய்கிற ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது? கனாத்தால். தெற்கே ஷீர் மலையின் அடிவாரத்தில் ஆழமான தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரை, கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவோடு நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டுவார்கள். வழிநெடுக மண் அள்ளவும் காற்றுப் போகவும் செங்குத்துக் குழிகள். எந்த எந்திரமும் இல்லாமல் தண்ணீர் தானே நடந்து ஊருக்கு வரும். யஸ்து வழியாகப் போகும் ஸார்ச் கனாத் 70 கி.மீ.க்கு மேல் நீளம். தோண்டுகிறவரை முகன்னி என்பார்கள். தண்ணீர் பங்கிடுவதற்கும் ஒரு கருவி உண்டு: அடியில் சின்னத் துளையிட்ட செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் நிரம்பி மூழ்கும். ஒரு முறை மூழ்கும் நேரம் ஒரு பங்கு. கனாத்துக்குத் தமிழில் சுரங்கக் கால்வாய் எனலாம். வீடுகளின் மேல் நின்று காற்றை உள்ளே இறக்கும் கோபுரம் பாத்கீர், 'பாத்' காற்று, 'கீர்' பிடிப்பது, ஆக காற்றுப்பிடி. தௌலதாபாத் தோட்டத்தின் காற்றுப்பிடி 33 மீட்டருக்கு மேல் உயரம்.

இன்று யஸ்து 5 லட்சம் பேருக்கு மேல் வாழும் தொழில் நகரம். தரையோடுகளும் உருக்கும் செய்கிற ஆலைகளுக்குக் கனாத் போதாது. இஸ்ஃபஹான் பக்கத்து ஸாயந்தே ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. எங்கள் வயல் காய்கிறது என்று 2013இல் அந்தப் பக்கத்து விவசாயிகள் நீரேற்றும் அமைப்பையே உடைத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்ல முடியாத வழக்கு அது. 2017இல் பழைய நகர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மண்சுவர் வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. பழைய கதவுகளில் இரண்டு தட்டுக்கட்டைகள் இருக்கும். கனமாக ஒலிப்பது ஆண்கள் தட்ட, மெல்லியது பெண்கள் தட்ட. யார் போய்த் திறப்பது என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இமாம் ஹுசைனுக்குத் துக்கம் காக்கும் முஹர்ரத்தில் 'நக்ல்' என்ற பிரம்மாண்டமான மரச்சட்டத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தித் தோள்கொடுத்துத் தூக்குவார்கள். ஜூன் மாதத்தில் ஸொராஸ்ட்ரியர்கள் சக்சக் மலைக்கோயிலுக்கு யாத்திரை போவார்கள். பாறையில் நீர் சொட்டும் ஓசைதான் அந்தப் பெயர்.

ஊர்க்காரரை 'யஸ்தி' என்கிறார்கள். அங்கே நெய்த பட்டையும் 13ஆம் நூற்றாண்டில் அவ்வழியே போன மார்க்கோ போலோ அந்தப் பெயரால்தான் குறிப்பிட்டிருக்கிறார். தமிழில் ஆளைச் சொல்லும்போது யஸ்துக்காரர் என்றும், துணியைச் சொல்லும்போது யஸ்திப் பட்டு என்றும் எழுதலாம். முன்னோர் ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்களின் குடும்பப் பெயராக வந்தால் மட்டும் யஸ்தி என்பதை அப்படியே விட்டுவிட வேண்டும்.