உன் அம்மா அரசாங்கம் அல்ல

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடக்கும். ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம். நான் நியூ ஜெர்சியில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். தமிழ்ப் பெற்றோர் என்னைப் பார்த்ததும் பாதி நிம்மதியோடு உட்காருவார்கள். முதல் இரண்டு நிமிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்பதில் போய்விடும். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கேள்வி வரும்: "டீச்சர், இந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் ஒன்பதாம் வகுப்பில் உயர்நிலைக் கணக்குப் பிரிவு கிடைப்பது கெட்டுப்போகுமா?" போகாது என்று சொன்னவுடன் முகம் தெளியும். மீதி நேரம் முழுவதும் அல்ஜீப்ரா பற்றிய பேச்சுதான், அதைக் கற்பிக்காத என்னிடம்.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம். வரலாறு முடிந்து, புவியியல் முடிந்து, புத்தகத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து பாடங்கள்தான் எங்களுக்குக் குடிமையியல். 'குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை?' என்று கேட்டால் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து வரி. எழுதிய மறுநாள் ஒரு வரிகூட நினைவில் நிற்காது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராததற்கும் அந்தப் பாடத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவும் இதில் ஒன்றும் உசத்தி இல்லை. 2022-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நாடு தழுவிய அளவில் நடந்த குடிமையியல் தேர்வில், தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 22 சதவீதம்தான். பெரியவர்கள் கதை இன்னும் வேடிக்கை. அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் மையம் அரசின் மூன்று கிளைகள் (சட்டமியற்றும் அவை, நிர்வாகம், நீதித்துறை) எவை என்று கேட்டபோது, மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 47 சதவீதம். ஒன்றைக்கூடச் சொல்லத் தெரியாதவர்கள் நால்வரில் ஒருவர். 2002-இல் வந்த மத்தியச் சட்டம் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் ஆண்டுதோறும் தேர்வைக் கட்டாயமாக்கியது. தேர்வு இல்லாத பாடத்துக்குக் கால அட்டவணையில் என்ன கதி நேரும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மாநிலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது ஒரு பாட்டியின் பெயரால். லாரா வூட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி நியூ ஜெர்சி வாக்குச் சாவடிகளில் 79 ஆண்டுகள் பணியாற்றியவர். அவர் பெயரில் 2021-இல் நிறைவேறிய சட்டப்படி, நடுநிலைப் பள்ளியில் குறைந்தது அரை ஆண்டு குடிமையியல் கற்பித்தாக வேண்டும். சட்டம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் முன்னால் எதை வைப்பது என்ற கேள்வி எங்கள் தலையில் விழுந்தது. அப்போது எனக்குக் கைகொடுத்தது ஐசிவிக்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு.

அதைத் தொடங்கியவர் சாண்ட்ரா டே ஓகானர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அதற்கு முன் அரிசோனாவில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும், மாநில செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவும், நீதிபதியாகவும் இருந்தவர். பாதிப் பேருக்குப் பெயர் தெரியாத அந்த மூன்று கிளைகளிலும் உட்கார்ந்து எழுந்தவர் என்று சொல்லலாம். அல்சைமர் நோயில் விழுந்த கணவரைக் கவனிக்க 2006-இல் ஓய்வு பெற்றார். நீதிபதிகள் மீது வசை பெருகிவந்த காலம் அது. நீதிமன்றம் எதற்காக இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதன் சுதந்திரத்தைக் காப்பாற்ற மாட்டார்கள் என்பது அவருடைய கவலை. 2009-இல் இணையத்தில் இலவசமாகப் பாடங்களும் விளையாட்டுகளும் தரும் இந்த அமைப்பைத் தொடங்கினார். 2018-இல் தனக்கே மறதி நோய் வந்திருப்பதை அறிவித்த கடிதத்திலும் அவர் வலியுறுத்திச் சொன்னது குடிமையியல் கல்வியைத்தான். 2023 டிசம்பரில், 93 வயதில் மறைந்தார்.

கணினி விளையாட்டு என்றதும் எனக்கும் முதலில் முகம் சுளித்தது. 'டூ ஐ ஹேவ் எ ரைட்?' என்பது அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. மாணவர் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் நடத்த வேண்டும். கட்சிக்காரர்கள் வரிசையாக வந்து தங்கள் குறையைச் சொல்வார்கள். அமெரிக்காவில் குடிமக்களின் உரிமைகள் பல அரசமைப்புச் சட்டத்தில் திருத்தங்களாகச் சேர்க்கப்பட்டவை. அந்தக் குறை எந்தத் திருத்தத்தின் கீழ் வருகிறது என்று கண்டுபிடித்து, அதில் தேர்ந்த வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும். காக்க வைத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். வென்றால் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு அலுவலகத்துக்கு நாற்காலி மேசை வாங்கலாம். (இந்த நாற்காலி மோகத்தில் சட்டத்தையே மறந்துவிடும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது உண்டு.)

எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்னப் பொத்தான். வந்தவருக்கு அரசமைப்புச் சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை என்றால், அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அழுதுகொண்டு வந்தாலும், நியாயமான வருத்தமாக இருந்தாலும், உரிமை இல்லை என்றால் இல்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பொத்தானை அழுத்தக் கை வராது. பாவமாக இருக்கிறதே என்பார்கள். பாவமாக இருப்பது வேறு, உரிமை மீறப்படுவது வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். பெரியவர்கள் பலருக்கு ஆயுள் முழுக்க வாய்ப்பதில்லை.

சென்ற ஆண்டு நான்காவது திருத்தத்தை நடத்திக்கொண்டிருந்தேன். காரணமில்லாமல் அரசு ஒருவரின் வீட்டையும் உடைமையையும் சோதிக்கக் கூடாது என்பது அது. பின் வரிசையிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் கை தூக்கினான். தினமும் இரவு பத்து மணிக்கு அவன் அம்மா அவனுடைய கைபேசியை வாங்கி, செய்தி ஒன்று விடாமல் படிக்கிறார். வாரண்ட் இல்லை. இது நான்காவது திருத்தத்துக்கு விரோதம்தானே?

"உன் அம்மா அரசாங்கம் அல்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டு அனுபவம் வேறுவிதமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாடம் முழுவதற்கும் ஆணிவேர் அந்தப் பதில்தான். இந்த உரிமைகள் அரசுக்குப் போட்ட வேலி. பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் முதல் சொல்லே 'காங்கிரஸ்', அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், என்பதுதான். காங்கிரஸ் இன்னின்ன சட்டங்களை இயற்றக் கூடாது என்று அது தொடங்குகிறது. ஒரு தனியார் நிறுவனம் தன் செயலியில் உங்கள் பதிவை நீக்கினால், வேறு சட்டங்கள் உதவலாம், முதல் திருத்தம் வராது.

அப்படியானால் பள்ளிக்கூடம்? இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும், ஏனென்றால் இதற்கான வழக்கு எங்கள் அக்கம்பக்கத்து வழக்கு. நம்மவர்கள் காய்கறிக்கும் இட்லி மாவுக்கும் போகும் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது பிஸ்காட்டவே. 1980 மார்ச்சில் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக் கழிப்பறையில் இரண்டு மாணவிகள் புகைப்பதை ஓர் ஆசிரியை பார்த்துவிட்டார். ஒருத்தி ஒப்புக்கொண்டாள். பதினான்கு வயதான மற்றவள், தனக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்றாள். பள்ளி நிர்வாகி அவள் கைப்பையைத் திறந்தார். சிகரெட் இருந்தது. கூடவே சுருட்டும் தாள் தென்பட, இன்னும் துழாவினார். கஞ்சா, குழாய், கட்டாக ஒரு டாலர் நோட்டுகள், அவளுக்குப் பணம் தர வேண்டிய மாணவர்களின் பட்டியல் எல்லாம் வெளியே வந்தன.

அந்தச் சோதனை செல்லுமா என்ற வழக்கு, நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. (மாணவியின் பெயரின் முதலெழுத்துகள்) என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவி தோற்றாள். ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் இருப்பவர், ஆகவே நான்காவது திருத்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்ற வாதத்தை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் இருப்பவர் அரசின் ஆள்தான், திருத்தம் அவருக்கும் பொருந்தும். ஆனால் போலீஸைப் போல அவர் வாரண்ட் வாங்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்றது தீர்ப்பு. மாதா, பிதா, குரு என்று ஒரே மூச்சில் சொல்லி வளர்ந்த நமக்கு, குருவை மட்டும் தனியே பிரித்து அரசின் பக்கம் நிறுத்திய அந்த இடம் கொஞ்சம் உறுத்தும். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பத்தியை வாசிக்கும்போது நான் என் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஐசிவிக்ஸின் 'ஆர்க்யுமெண்ட் வார்ஸ்' விளையாட்டில் இந்த வழக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்று வாதாடலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் மாணவியை ஜெயிக்க வைத்துவிட்டு, உண்மையில் அவள் தோற்றாள் என்று தெரிந்ததும் கொதித்துப்போவார்கள். அப்போது சொல்வேன்: அந்த ஆறு பேரில் ஒருவர், இந்த விளையாட்டைத் தந்த ஓகானர்.

விளையாட்டின் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே வழக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிறது, டி.எல்.ஓ. வழக்கு கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு இழுத்தது. அங்கே வக்கீலுக்குக் கட்சிக்காரர் வீடு அடமானம் வைப்பதில்லை. அதனால் திரையை மூடியதும் காகிதம் எடுக்கச் சொல்வேன். இதைச் செய்தது யார், அரசா, வேறொருவரா? உரிமை உண்டா, இல்லையா? இல்லை என்றால், பிறகு யாரிடம் போவது? இந்த மூன்றாவது கேள்வி விளையாட்டில் இல்லை. நான் சேர்த்தது.

இந்தக் கேள்விகள் நம் வீடுகளில் எப்போது தேவைப்படும் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு நீல உறையைப் பற்றிச் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, வரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் எச்-1பி விசாவில் இருப்பவர். போகாவிட்டால் கிரீன் கார்டு கெட்டுவிடும் என்று பயந்து அலுவலகத்தில் விடுப்புச் சொல்லத் தயாராகிவிட்டார். அம்மாவோ, நமக்கு வந்திருக்காது, கிழித்துப் போடுங்கள் என்றார். இரண்டுமே தவறு. இங்கே ஜூரிப் பட்டியல் வாக்காளர்களிடமிருந்து மட்டும் தொகுக்கப்படுவதில்லை. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள், மாநில வருமான வரி கட்டுபவர்கள் பெயர்களும் அதில் சேரும். குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் கடிதம் வரும். அவர்கள் ஜூரியாக அமர முடியாது. ஆனால் பதில் அனுப்பாமலும் இருக்கக் கூடாது. குடிமகன் அல்ல என்று கேள்வித்தாளில் குறித்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண் வகுப்பில் படித்ததை நினைவில் வைத்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் காட்டியிருக்கிறாள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. குடியுரிமை இல்லாதவர் அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்திட்டால், பின்னால் குடியேற்ற வழக்கில் அது பெரிய சிக்கலாகலாம். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டுக் குறியுங்கள்.

சென்ற வசந்தத்தில் எங்கள் மாவட்டத்தில் சில தெருக்களுக்குப் பள்ளி பஸ் நிறுத்தப்பட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு செய்திகள். வழக்குப் போடலாம் என்று ஒருவர், ஊரை மாற்றலாம் என்று இன்னொருவர். என் வகுப்பில் இதையே கேள்வியாக வைத்தேன். பிள்ளைகள் தேடிப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு வரை, பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் தள்ளி இருப்பவர்களுக்கே மாநிலச் சட்டப்படி பஸ் கட்டாயம். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது சலுகை. உரிமை உண்டா? இல்லை. பொத்தானை அழுத்தினார்கள். யாரிடம் போவது? பள்ளி வாரியத்திடம். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். அங்கே எழுந்து பேச வாக்குரிமை தேவையில்லை.

விசாவில் இருக்கும் ஓர் அம்மா போனார். இரண்டு மைலுக்குள் என்றாலும், நடுவில் நடைபாதை இல்லாத சாலை ஒன்று இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஒருவருக்கு மூன்று நிமிடம். அவர் இரண்டே முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டார். மகன் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வாரியத் தலைவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்.

பஸ் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டம் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை மணிக்கு.