பேரிடர் மீட்பா, பேரிடர் மீட்சியா?

அடகு வைத்த நகையை மீட்கிறோம், கடனிலிருந்து மீள்கிறோம். முதலாவது பிறவினை, அடுத்தது தன்வினை. கணினி அமைப்பு முடங்கினால் தொழிலை மீண்டும் ஓடவைக்கும் ஏற்பாட்டுக்கு 'டிசாஸ்டர் ரெகவரி' என்று பெயர். இந்தக் கணினித் துறைச் சொல்லைத் தமிழாக்கும்போது இந்த வேறுபாடுதான் குறுக்கே வந்து நிற்கிறது. ஆங்கில 'ரெகவர்' இரண்டுக்கும் பொதுவானது. இழந்த பணத்தைத் திரும்பப் பெறுவதும் அதுவே, நோயாளி எழுந்து நடப்பதும் அதுவே. தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

முதலில் 'டிசாஸ்டர்'. இத்தாலிய 'டிசாஸ்த்ரோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'அஸ்த்ரோ' என்றால் விண்மீன். 'டிஸ்' கேட்டைக் குறிக்கும் முன்னொட்டு. நம்மூரில் 'கிரகம் சரியில்லை' என்பார்களே, அதே எண்ணம்தான். தமிழ்ச் சொல்லுக்கு விண்மீனோடு உறவில்லை. பெருமை + இடர் என்பதில் 'மை' ஈறு போய், முதலெழுத்து நீண்டு, 'பேரிடர்' ஆகிறது. பேரூர், பேரரசு போல. 'இடர்' பழஞ்சொல், 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தர் தேவாரத்தில் நிற்கிறது. இலங்கையில் அரசுச் சொல் 'அனர்த்தம்'. அங்குள்ள அனர்த்த முகாமைத்துவ நிலையம், இங்கே பேரிடர் மேலாண்மை ஆணையம் செய்யும் வேலையைச் செய்கிறது. அனர்த்தம் வடசொல், இலங்கை வாசகருக்கு எழுதும்போது அதையே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கணினித் துறையில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. வெள்ளமும் தீயும் மட்டும் பேரிடர் அல்ல. 'இனி இந்த இடத்தில் நின்று சமாளிக்க முடியாது' என்று பொறுப்பாளர் அறிவிப்பதே பேரிடர். பங்குச் சந்தைகளுக்கு, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021-இல் வகுத்த விதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது: முக்கிய அமைப்பு ஒன்று முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். அறிவிக்கத் தயங்கியே நேரத்தைத் தொலைப்பதுதான் வழக்கமான நோய். அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்று தாளில் எழுதிவைக்காத திட்டம் அரைத் திட்டம்.

இனி 'ரெகவரி'. பரவலான வழக்கு 'பேரிடர் மீட்பு'. ஆனால் அதைக் கேட்டதும் ஆரஞ்சு உடையும் ரப்பர் படகும்தான் கண்ணில் வருகின்றன. தேசிய பேரிடர் மீட்புப் படை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. அது ஆளைக் காப்பாற்றும் வேலை. இங்கே வேண்டியது 'மீட்சி'. ஆள் + சி ஆட்சி ஆவதுபோல மீள் + சி மீட்சி. தொழில் தானே பழைய நிலைக்குத் திரும்புவதைச் சொல்கிறது. ஆகவே 'பேரிடர் மீட்சி'. காப்புநகலிலிருந்து ('பேக்அப்') கோப்பை எடுப்பது மட்டும் 'மீட்பு'.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு வழிகள் பல இருந்தன; வேண்டிய நேரத்தில் சரியாக எதுவும் கைகொடுக்கவில்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2, அதனால் நகல் வேலை நின்றுபோயிருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்தது. ஆனாலும் சேவை திரும்ப ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று; மெதுவான வட்டிலிருந்து படியெடுக்கவே பெரும்பொழுது போனது. தரவை மீட்க வழியிருந்தும் தொழில் மீள அவ்வளவு நேரம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2 டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் மேகத்திலிருந்து ('கிளவுட்', இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சேவையகங்கள்) இறக்க, இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மணி நேரத்தில் கடை திறக்கும் என்று முதலாளிக்கு உறுதி கொடுத்திருந்தால், தரவைக் கீழே இறக்கக் கூடாது. சேவையகத்தை மேகத்திலேயே எழுப்பவேண்டும்.

'மேகம்' என்ற சொல்லும் சற்று ஏமாற்றும். வலையமைப்பு வரைபடங்களில், உள்விவரம் வேண்டாத பகுதியை மேகம் போல் வரைந்த பழக்கத்திலிருந்து வந்தது அது. 'கிளவுட்' பழைய ஆங்கிலத்தில் பாறையையும் குன்றையும் குறித்த சொல் என்பது வேடிக்கை. உண்மைக்கு அதுவே நெருக்கம். மேகம் என்பது எங்கோ நிற்கும் ஒரு கட்டடம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். முகில் என்ற தனித்தமிழ்ச் சொல்லும் அழகுதான். 'மேகக் கணிமை' வேரூன்றிவிட்டதால் அதை மாற்றத் தேவையில்லை.

மேகவழி மீட்சியில் செலவுக்கேற்ற நான்கு படிகள் உண்டு. காப்புநகல் மட்டும் வைத்திருப்பது மலிவு, மீள மணிக்கணக்கில் ஆகும். அடுத்ததை ஆங்கிலத்தில் 'பைலட் லைட்' என்பர். எரிவாயு அடுப்பில் எப்போதும் எரியும் சிறுசுடர். நமக்கு இன்னும் பொருத்தமான சொல் கையில் இருக்கிறது: நீறுபூத்த நெருப்பு. இரவில் சாம்பல் மூடிய கனலைக் காலையில் ஊதி அடுப்பு மூட்டுவதுபோல, தரவுத்தளம் மட்டும் மேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; மற்ற சேவையகங்களை வேண்டும்போது எழுப்பலாம். நடுத்தர நிறுவனங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மேலே உள்ளவை தயார்நிலையும் (எல்லாம் சிறிய அளவில் எப்போதும் ஓடுவது) இரட்டை இயக்கமும் (இரண்டு இடங்களும் ஒரேசமயம் இயங்குவது). செலவும் அப்படியே ஏறும்.

'ஆர்டிஓ' என்றால் நமக்கு ஓட்டுநர் உரிமம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது மீட்சி நேர இலக்கு. 'ஆர்பிஓ'வை 'மீட்சிப் புள்ளி இலக்கு' என்கிறார்கள். பொருள் விளங்காத பெயர்ப்பு. 'தரவிழப்பு வரம்பு' என்றால் கேட்டதுமே புரியும். காலை 10 மணிக்கு அமைப்பு விழுகிறது. கடைசி நகல் 9.45-க்கு எடுத்தது, பிற்பகல் 2 மணிக்குத் தொழில் ஓடுகிறது. இழந்த தரவு 15 நிமிடம், மீள எடுத்தது 4 மணி நேரம். வரம்பு பின்னோக்கிப் பார்க்கிறது, இலக்கு முன்னோக்கிப் பார்க்கிறது.

உடனுக்குடன் நகலாக்கம் இருந்தால் காப்புநகல் வேண்டாம் என்பது பெரும்பிழை. இங்கே அழித்தது சில நொடிகளில் அங்கேயும் அழியும். கப்பத் தீநிரல் (பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் 'ரான்சம்வேர்') பூட்டிய கோப்பும் பூட்டியபடியே போய்ச்சேரும். மாற்ற முடியாத நகல் ஒன்று தனிக் கணக்கில், தனிக் கடவுச்சொல்லோடு இருக்கவேண்டும். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் அமைப்பு, கூகுள் தரப்பின் அமைப்புப் பிழையால் இரண்டு இடங்களிலும் சேர்ந்தே அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகலும் மீள்வதற்கு உதவியது.

மீட்சித் திட்டத்தை ஒத்திகை பார்க்கும்போது கவிழ்ப்பவை பெரும்பாலும் சிறியவை. இணையதளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிவின் ஆயுள் 86,400 நொடி என்று இருந்தால், புதிய இடத்தில் எல்லாம் ஓடினாலும் வாடிக்கையாளர் ஒரு நாள்வரை பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார். 300 நொடிக்கு முன்கூட்டியே குறைத்துவையுங்கள். நகல் மேகத்தின் வேறு மண்டலத்துக்கு ('ரீஜன்') போயிருக்கும், அதைத் திறக்கும் மறையாக்கச் சாவி போயிருக்காது. புதிய மண்டலத்தில் சேவையக எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும். உயர்த்தக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க அது நேரமில்லை. உள்நுழைவுச் சேவை, தரவுத்தளம், செயலி, இணையமுகப்பு என்ற வரிசையில் எழுப்பாவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தேடித் தேடியே விழும்.

மாற்று இடத்துக்கு மாறும் 'ஃபெயில்ஓவர்', பழைய இடத்துக்குத் திரும்பும் 'ஃபெயில்பேக்' இரண்டுக்கும் நல்ல சொல் இன்னும் நிலைக்கவில்லை. 'இடம்பெயர்வு', 'தாய்மனை திரும்பல்' என்று எழுதலாம். இரண்டாவதைத் திட்டத்தில் பலர் எழுதுவதே இல்லை. மேகத்தில் ஓடிய நாட்களில் சேர்ந்த புதிய தரவைப் பழைய சேவையகத்துக்கு எதிர்த்திசையில் நகலாக்கி, இரண்டும் ஒத்த பிறகே திரும்பவேண்டும். அவசரத்தில் பழையதை அப்படியே இயக்கினால் அந்த நாட்களின் ரசீதுகள் எல்லாம் காணாமல் போகும்.