பூமியை உறையாமலும் வேகாமலும் காக்கும் கல்

சென்ற மாதம் வாசகர் ஒருவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகளை எழுதியிருந்தார். சூரியன் தன் இளமைக் காலத்தில் இன்றைவிட மங்கலாக இருந்தது என்றால், அன்றைய பூமியின் கடல்கள் ஏன் உறைந்துபோகவில்லை என்பது முதல் கேள்வி. பூமி எத்தனையோ வெப்பத்தையும் குளிரையும் கண்டு மீண்டிருக்கிறது, ஆகவே இப்போதைய புவி வெப்பமாதலையும் அது தானே சரிசெய்துகொள்ளாதா என்பது இரண்டாவது. இரண்டு கேள்விகளும் நம்மை மழையில் நனையும் ஒரு பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

முதலில் சூரியனைப் பார்த்துவிடலாம். அதன் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நான்கு சேர்ந்து ஒரு ஹீலியமாகின்றன. துகள்களின் எண்ணிக்கை குறையக் குறைய மையம் சுருங்கிச் சூடேறுகிறது, எரியும் வேகமும் கூடுகிறது. இதனால் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய ஒளியில் ஏறத்தாழ 70 சதவீதமே தந்த சூரியன், மெல்ல மெல்லப் பிரகாசமாகி வந்திருக்கிறது. 1972இல் கார்ல் சேகன், ஜார்ஜ் முல்லன் என்ற இரு விஞ்ஞானிகள் இதை வைத்துக் கணக்கிட்டபோது, இன்றுள்ள காற்று மண்டலமே அன்றும் இருந்திருந்தால், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பூமி உறைநிலையில்தான் கிடந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. ஆனால் பாறைகள் வேறு சாட்சி சொல்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, மணலைவிடப் பெரிதல்லாத சிர்க்கான் படிகங்களில் மிகப் பழையது 440 கோடி ஆண்டு வயதுடையது. அவற்றிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின், விகிதம், அக்காலத்திலேயே பூமியில் திரவ நீர் இருந்ததைக் காட்டுகிறது. அம்மோனியா வாயு போர்வைபோல் வெப்பத்தைத் தக்கவைத்திருக்கலாம் என்று சேகன் கருதினார். சூரிய ஒளியே அம்மோனியாவை விரைவில் சிதைத்துவிடும் என்று பின்னர் தெரிந்ததால் அந்த விடை நிலைக்கவில்லை. கரியமில வாயுவின் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியது. அது அன்று மிக அதிகமாக இருந்திருந்தால் போதும். ஆனால் சூரியன் பிரகாசமாக ஆக, அந்த வாயு அதற்கு ஏற்றபடி குறைந்துகொண்டே வந்தது எப்படி?

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் செய்த ஒரு சோதனையும் வீட்டில் பார்த்த ஒரு காட்சியும் போதும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் அது பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆவதால் வரும் வெண்மை அது. வீட்டில் பார்த்தது பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு. பானையில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும், அடுப்பே இல்லாமல் பானை தளதளவென்று கொதிக்கும். கண்ணில் தெறித்துவிடும் என்று பாட்டி எங்களைக் கிட்டே விடமாட்டார். அடித்த அன்று உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும் அந்தச் சுண்ணாம்பு, நாட்கள் செல்லச் செல்லச் சுவரோடு சுவராக இறுகும். காளவாயில் சுட்டபோது கிளிஞ்சலை விட்டுப் போன கரியமில வாயுவைச் சுவரிலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதுதான் அந்த இறுக்கம். ஒரு வாயு கல்லாவதையும் கல் மீண்டும் வாயுவாவதையும் தமிழ்நாட்டுக் காளவாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். பூமி இதே வேலையை மலை, ஆறு, கடல், எரிமலை ஆகியவற்றைக் கொண்டு செய்கிறது.

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. கோலி சோடாவில் நாக்கைச் சுள்ளென்று தொடும் அதே கார்பானிக் அமிலம், மிக மிக நீர்த்த நிலையில் ஒவ்வொரு துளியிலும் இருக்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, மாசு கலக்காத மழையிலும், நடுநிலையான 7 அன்று, அதற்குக் கீழே, சுமார் 5.6. இந்த மென்மையான அமிலம் கருங்கல்லின் மேல் வழியும்போது, கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் போன்ற, சிலிக்கானும் ஆக்சிஜனும் கொண்ட சிலிக்கேட் கனிமங்களை அரிக்கிறது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறுகிறது. அதிலிருந்த கால்சியம் விடுபட்டு நீரோடு போகிறது. கூடவே, அமிலமாக வந்த கரியமில வாயு பைகார்பனேட் என்ற உருவில் கரைந்து போகிறது. மரங்களின் வேர்கள் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப்போலப் பல மடங்கு செறிந்திருக்கும் என்பதால், காடு மூடிய மலையில் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கிறது. ஆற்றோடு கடலை அடையும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிரிகளும் எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்தபின் ஓடுகள் கடலடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன.

இங்கே பலர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. சிலிக்கேட் பாறையிலிருந்து ஒரு கால்சியம் விடுபடும்போது காற்றிலிருந்து இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகள் பிடிபடுகின்றன. கடலில் ஓடு உருவாகும்போது அவற்றில் ஒன்று திரும்ப வெளியேறிவிடுகிறது, மற்றொன்று கல்லுக்குள் சிறைப்படுகிறது. மாறாக, ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்புப் பாறையை மழை கரைத்தால் ஒன்றுதான் பிடிபடுகிறது, அந்த ஒன்றும் பின்னர் வெளியேறிவிடுகிறது, ஆகவே மிச்சம் எதுவுமில்லை. ஆகவே நெடுங்காலக் கணக்கில் பூமியைக் குளிரவைப்பது கருங்கல்லும் எரிமலைப் பாறையான பசால்ட்டும் கரைவதுதான். சிறைப்பட்டதும் என்றென்றைக்கும் சிறையில் இருப்பதில்லை. கடலடித் தட்டு கண்டத்தின் அடியில் செருகி ஆழத்திற்குப் போகும்போது, அங்குள்ள வெப்பத்தில் சுண்ணாம்புப் பாறை சிதைந்து, வாயு எரிமலை வழியாகக் காற்றுக்குத் திரும்புகிறது.

இதை ஓர் ஏரியாக நினைத்துப் பார்த்தால் இதன் அழகு முழுமையாகப் புலப்படும். காற்று மண்டலம் ஏரி, கரியமில வாயு அதிலுள்ள நீர். எரிமலைகள் வரத்துக்கால், பாறையை அரிக்கும் மழை மடை. வெளியே வெயிலா பனியா என்பது எரிமலைக்குத் தெரியாது, அதனால் வரத்து நிற்பதில்லை. மடையோ வெப்பத்திற்கு ஏற்பத் திறக்கிறது, மூடுகிறது. பூமி சூடேறினால் கடல்நீர் அதிகம் ஆவியாகும், மழை கூடும், சூட்டில் வேதிவினையும் விரையும், மடை அகலும், ஏரியின் மட்டம் இறங்கும், பூமி குளிரும். குளிர்ந்தால் மழை குறையும், அரிப்பு மந்தமாகும், மடை குறுகும், வரத்து மட்டும் தொடர்வதால் மட்டம் ஏறும், பூமி சூடேறும். மடையை ஏற்றி இறக்க, ஏரிப் பாசனத்தைக் கவனிக்கும் நீர்க்கட்டி யாரும் அங்கே இல்லை, ஆனாலும் அது காலத்துக்கேற்பச் சரியாக இயங்குகிறது. 1981இல் ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேஸ், ஜேம்ஸ் கேஸ்டிங் ஆகிய மூவரும் இந்த வழிமுறையைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். மங்கிய சூரியனின் காலத்தில் மடை குறுகியிருந்தது, ஏரி ததும்பியிருந்தது. மீத்தேனும் துணை செய்திருக்கலாம். சூரியன் பிரகாசமாக ஆக, மடை அகன்று மட்டம் இறங்கியது. அறிவியலில் நான் படித்தவற்றுள் இவ்வளவு எளிய பொருள்களால் இவ்வளவு பெரிய காரியம் நடப்பதாக வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

மடை முற்றிலும் அடைபட்ட காலமும் உண்டு. ஏறத்தாழ 72 கோடி ஆண்டுகளுக்கும் 63.5 கோடி ஆண்டுகளுக்கும் இடையில், இருமுறை, பனி நிலநடுக்கோடு வரை பரவியது. புவியியலாளர் ஜோசப் கிர்ஷ்விங்க் 1992இல் இந்த நிலைக்குப் பனிப்பந்து பூமி என்று பெயரிட்டார். பாறைகளைப் பனி மூடியபின் அரிப்பு ஏறத்தாழ நின்றுபோனது. பனிக்கு மேலே தலைநீட்டிய எரிமலைகளோ கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயுவை விட்டுக்கொண்டே இருந்தன. வாயு இன்றைய அளவைப்போல மிகப் பல மடங்கு குவிந்தபின் பனி உருகியது. உருகியதும் கொதிக்கும் வெயிலும் அமில மழையுமாகப் பாறைகள் மூர்க்கமாகக் கரைந்தன. புவியியலாளர் பால் ஹாஃப்மேனும் அவருடைய குழுவினரும் 1998இல் விவரித்த நமீபியப் பாறைகளில் இது கண்ணெதிரே தெரிகிறது. பனியாறுகள் இழுத்து வந்து கொட்டிய கற்குவியலின் மேலே, இடையில் வேறு எதுவுமின்றி, கத்தியால் வெட்டியதுபோல் கார்பனேட் பாறை தொடங்குகிறது.

இனி வாசகரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பூமி தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. எவ்வளவு காலத்தில் என்பதையும் பாறைகளே சொல்கின்றன. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து, பூமியின் சராசரி வெப்பம் 5 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. அது தணிய ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலானது. இன்று எரிமலைகள் ஆண்டுக்குச் சில பத்துக் கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் எரிப்பதால் நாம் வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன். எரிமலைகளின் வரத்தைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு வரத்தை, நூறாயிரம் ஆண்டில் வேலை செய்யும் மடையுள்ள ஏரியில் நாம் திறந்துவிட்டிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு, 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று மேடையில் சொல்பவர்கள் இந்தக் கால அளவைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அரியலூரில் ஒரு சுரங்கத்தின் விளிம்பில் நின்று, மண்ணிலிருந்து நான் பெயர்த்தெடுத்த சிப்பி உள்ளங்கையில் அடங்கியது. அதன் வரிகள் விரல் நகத்தில் தட்டுப்பட்டன. டைனோசர்கள் உலவிய காலத்தில் அங்கே கடல் இருந்தது, எங்கோ ஒரு மலையைக் கரைத்த மழையின் கால்சியத்தில் அந்த உயிர் தன் ஓட்டைக் கட்டியிருந்தது. அதே சுண்ணாம்புப் பாறையைச் சூளையில் சுட்டுச் சிமெண்ட் செய்யும்போது, கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த வாயு சில மணி நேரத்தில் வெளியேறுகிறது. சிமெண்ட் ஆலைகளிலிருந்து வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. மடையை நாமே விரைவுபடுத்தலாமா என்ற முயற்சியும் நடக்கிறது. பசால்ட் பாறையைப் பொடித்து வயலில் தூவினால் கரையும் பரப்பு பெருகும் என்பதால், இந்தியா உட்படப் பல நாடுகளில் இதைச் சோதித்து வருகிறார்கள். எவ்வளவு வாயு உண்மையில் பிடிபட்டது என்பதை அறிய ஆற்றுநீரையும் மண்ணையும் ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும். ஆற்றில் பைகார்பனேட் அளப்பது செய்தியாகாத வேலை, ஆகவே அதற்குப் பணம் கிடைப்பதும் அரிது. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அண்டை வீட்டு ஏரிகள் இரண்டையும் பார்த்தால் நம் ஏரியின் அருமை தெரியும். செவ்வாய் சிறிய கோள், விரைவில் குளிர்ந்தது, வரத்துக்கால் வற்றியது, காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. வெள்ளியின் கதை வேறு. அது சூரியனுக்கு நெருக்கமாக இருந்ததால் நீரை இழந்தது. அங்குள்ள மிச்ச நீராவியில் கன ஹைட்ரஜனின் விகிதம் பூமியில் உள்ளதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருப்பது, இலேசான ஹைட்ரஜன் தப்பிப் போனதற்குச் சான்று. நீர் இல்லையேல் மழை இல்லை, மழை இல்லையேல் மடை இல்லை. பூமியின் பாறைகளுக்குள் அடைபட்டிருக்கும் கார்பனுக்கு ஏறத்தாழ ஈடான கார்பன் அங்கே முழுவதும் காற்றிலேயே நிற்கிறது. பூமியைப்போல 90 மடங்கு அழுத்தம், தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம். சுக்கிர திசை வந்தால் செல்வம் பெருகும் என்று பரிகாரத்துக்குச் செலவிடும் குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் கோள் நமக்குச் சொல்லக்கூடியது வானிலையைப் பற்றியது, வாழ்வின் ஏற்றத்தாழ்வைப் பற்றியதன்று. 2024 செப்டம்பரில் வெள்ளிக்கு ஒரு சுற்றுக்கலம் அனுப்ப மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அது தகுதியான செலவு.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உயிர் தேடுவோரும் இந்த மடையை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். நீர் திரவமாக நிற்கக்கூடிய வாழத்தகு மண்டலம் என்று 1993இல் கேஸ்டிங்கும் உடன் ஆய்வாளர்களும் வரைந்த எல்லைகள், கோளின் கரியமில வாயு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற அடிப்படையில் அமைந்தவை. அப்படியானால் அந்த மண்டலத்தின் உள்விளிம்பில் இருக்கும் பாறைக் கோள்களில் வாயு குறைவாகவும், வெளிவிளிம்பை நோக்கிப் போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பி என்ற பெரிய வாயுக் கோளில் கரியமில வாயுவை ஐயத்துக்கிடமின்றிக் கண்டது. 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு பாறைக் கோள்களையும் அது ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறது. உள்ளே இருக்கும் முதலிரண்டு கோள்களில் வெள்ளியைப் போன்ற அடர்ந்த காற்று தென்படவில்லை. ஓரிரு கோள்களைக் கொண்டு அந்த ஏற்றத்தைக் காண முடியாது. பல பத்துக் கோள்களின் காற்றை அளந்து, தொலைவு கூடக் கூட வாயுவும் கூடுகிறது என்று ஒரு நாள் வரைபடம் காட்டினால், அங்கெல்லாம் மழை பெய்து கல் கரைகிறது என்று பொருள்.