வஸ்ன்: அரபுச் சொல்லுக்குத் தமிழ் வாய்பாடு

பலகையில் ‘வட்டாட்சியர் அலுவலகம்’ என்று எழுதியிருந்தாலும், வேலூர், ஆர்க்காடு, குடியாத்தம் பக்கங்களில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கப் புறப்படுகிறவர் ‘தாசில்தார் ஆபீசுக்குப் போகிறேன்’ என்றே சொல்வார். இந்த ஆண்டு நிலக்கடலை எப்படி என்று கேட்டால் அவரே ‘மகசூல் குறைவு’ என்பார். தாசில், மகசூல் ஆகிய இவ்விரு சொற்களும் நவாபு ஆட்சியிலும் கும்பினி ஆட்சியிலும் வருவாய்த்துறை வழக்காகப் பாரசீகம், உருது வழியே தமிழுக்கு வந்தவை. இரண்டும் அரபு மொழியில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அரபில் அவை ‘தஹ்ஸீல்’, ‘மஹ்ஸூல்’ என்று ஒலிக்கும். ஹ, ஸ, ல என்னும் மூன்று மெய்கள் இரண்டிலும் அதே வரிசையில் நிற்கின்றன. தமிழ் நாவில் அந்த ஹகரம் ஒன்றில் ககரமாகியது, மற்றொன்றில் மறைந்தே போயிற்று. ஆகவே இரண்டுக்கும் உள்ள உறவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிடைத்தல், பெறுதல் என்னும் பொருளைத் தாங்கி நிற்பவை அம்மூன்று மெய்கள். அவற்றைச் சுற்றி வரும் உயிர்களும் முன்னே சேரும் தகர மகரங்களும் ‘திரட்டுதல்’, ‘திரட்டப்பட்டது’ என்று பொருளை வேறுபடுத்துகின்றன. வக்கீல் என்பதும் அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வக்காலத்து என்பதும் இவ்வாறே வ, க, ல என்னும் மெய்களிலிருந்து கிளைத்தவை. மெய்கள் பொருந்தி அமர்கின்ற இந்தச் சட்டகத்துக்கு அரபு இலக்கணத்தார் இட்ட பெயர் ‘வஸ்ன்’ என்பதாகும். அரபு மொழியைக் கணினியில் ஆய்பவர்கள் ஆங்கிலத்தில் ‘பேட்டர்ன்’ என்றும் ‘டெம்ப்ளேட்’ என்றும் எழுதுவது இதனைத்தான்.

வஸ்ன் என்றால் எடை. தராசைக் குறிக்கும் ‘மீஸான்’ என்ற சொல்லும் அதே வேருடையது. சொல்லை நிறுத்துப் பார்க்க எடைக்கல் வேண்டுமல்லவா? அதற்கு அரபு இலக்கணத்தார் ‘செய்தான்’ என்று பொருள்படும் ‘ஃபஅல’ என்னும் வினையை எடுத்துக்கொண்டனர். அதிலுள்ள ஃபா, ஐன், லாம் என்னும் மூன்று எழுத்துகளும் எந்த வேரின் மூன்று மெய்களுக்கும் பதிலியாக நிற்கும். எனவே மஹ்ஸூல் என்பது ‘மஃப்ஊல்’ என்னும் வஸ்னில் அமைந்தது. தஹ்ஸீல் என்பது ‘தஃப்ஈல்’ என்னும் வஸ்னில் அமைந்தது. கல்வி உடையவரைக் குறிக்கும் ஆலிம் என்பது ‘ஃபாஇல்’ என்னும் வஸ்னில் அமைந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1924-இல் ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் தொடங்கப்பட்ட ஜாமியா தாருஸ்ஸலாம் போன்ற அரபுக் கல்லூரிகளில் ‘ஸர்ஃப்’ என்னும் சொல்லிலக்கணப் பாடம் படித்தவர்களுக்கு ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ என்ற அடுக்கு மனப்பாடமாக இருக்கும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அமைப்பு, கோலம், வார்ப்புரு என்று பலவாறு எழுதிப் பார்க்கிறார்கள். அமைப்பு என்பது எதற்கும் பொருந்துவதால் எதையும் சுட்டாமல் போகிறது. வார்ப்புரு என்பதோ கணித்தமிழில் வேறொன்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தேடிப் போக வேண்டியதில்லை. நம் இலக்கணத்திலேயே ‘வாய்பாடு’ இருக்கிறது. ‘வந்து’ என்பது ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், ‘வரும்’ என்பது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். செய்து, செய்யூ, செய்பு எனத் தொடங்கித் தொல்காப்பியம் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறும். நன்னூல் அதனைப் பன்னிரண்டாக விரிக்கும். அரபு இலக்கணத்தார் ‘ஃபஅல’வைத் தேர்ந்ததும் தமிழ் இலக்கணத்தார் ‘செய்’ என்பதைத் தேர்ந்ததும் ஒரே காரணத்தால்தான் என்று எனக்குப் படுகிறது: எல்லா வினைக்கும் பொதுவான வினை செய்தல் ஒன்றே.

யாப்பிலும் இந்த ஒப்புமை தொடர்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பின் சீர்களை ‘ஃபஊலுன்’, ‘மஃபாஈலுன்’ என்று அதே மூன்றெழுத்துகளைக் கொண்டே அளந்தார். நாம் தேமா, புளிமா என்று அளந்தோம். அவற்றுக்கும் தமிழில் பெயர் வாய்பாடுதான்.

ஒரு தடை எழலாம். ‘ஓடி’ என்பதில் ‘செய்து’ என்பதன் ஓசை இல்லை. அப்படியிருக்க அதனைச் செய்து என்னும் வாய்பாடு என்கிறோம். தமிழில் வாய்பாடு தொழிலைக் குறிக்கிறது, வஸ்ன் வடிவத்தைக் குறிக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அரபு வஸ்னும் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. ‘சொன்னான்’ என்று பொருள்படும் ‘கால’ என்பதில் இரண்டு மெய்களே கேட்கின்றன. இருந்தும் அதன் அடியில் ‘கவல’ என்று ஒரு வகரம் இருந்ததாகக் கொண்டு, அது ‘ஃபஅல’ வஸ்னைச் சேர்ந்தது என்றே இலக்கணத்தார் கூறுவர். கண்ணுக்குத் தெரியும் உருவம் ஒன்று, கணக்கில் கொள்ளும் உருவம் ஒன்று என்பது இரு மரபுக்கும் பொது. பெருக்கல் வாய்பாட்டோடு மயங்கும் என்று அஞ்சுவோர் ‘சொல்வாய்பாடு’ என்று எழுதலாம். வேரைப் பொறுத்தவரை நன்னூலின் ‘பகுதி’ என்ற சொல் இங்கே உதவாது. பகுதி என்பது நட, வா, செய் என வாயால் சொல்லக்கூடியது. ஹ-ஸ-ல் என்பதை உயிரின்றி யாரும் சொல்ல முடியாது. அதனை ‘மெய்வேர்’ என்பது தகும்.

கணினிக்கு இந்த வாய்பாடு ஏன் தலைவலி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்லைப் பகுக்கும் நிரல் ‘வீடுகளிலிருந்து’ என்பதை வலப்பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டே வந்து வீட்டை அடைந்துவிடும். ஏனெனில் தமிழில் ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. அரபிலும் ஒட்டுகள் உண்டு. ‘வஸயக்துபூனஹா’ என்ற ஒரே சொல்லுக்கு ‘மேலும் அவர்கள் அதனை எழுதுவார்கள்’ என்று பொருள். முன்னும் பின்னும் ஒட்டியவற்றை நீக்கிய பிறகும் வேர் தனியே வந்து நிற்பதில்லை. க, த, ப என்னும் மெய்கள் உயிர்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. போதாததற்கு, அன்றாட அரபு எழுத்தில் குறில் உயிர்க்குறிகளை இடுவதில்லை. எனவே அந்த மூன்று எழுத்துகளை மட்டும் கண்ட கணினி அதனைக் ‘கதப’ என்று படித்து ‘எழுதினான்’ எனக் கொள்வதா, ‘குதிப’ என்று படித்து ‘எழுதப்பட்டது’ எனக் கொள்வதா, ‘குதுப்’ என்று படித்து ‘நூல்கள்’ எனக் கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். எழுத்து ஒன்றே, வாய்பாடுதான் வேறு.

பன்மை இன்னொரு சிக்கல். ஆலிம் என்பதன் பன்மை உலமா. பிரதிநிதி என்று பொருள்படும் நாயிப் என்பதன் பன்மையே ஆர்க்காட்டு நவாபின் பட்டமாகிய ‘நவாப்’. பன்மை விகுதி எதுவும் சேராமல் சொல்லின் உள்ளே வாய்பாடு மாறிவிடுவதால், நூலகப் பட்டியலில் ‘கிதாப்’ என்று தேடுகிறவருக்குக் ‘குதுப்’ என்று தொடங்கும் தலைப்புகள் அகப்படா. தமிழ் நாளிதழ்கள் ‘உலமாக்கள்’ என்று பன்மைக்கு மேல் பன்மை சேர்ப்பது வேறு கதை; அது தமிழ் இலக்கணப்படி பிழையும் அன்று.

மெய்வேரும் வாய்பாடும் தனித்தனி அடுக்குகள் என்னும் கருத்தை ஜான் மக்கார்த்தி 1979-இல் மொழியியல் நோக்கில் வகுத்துக் காட்டினார். மார்ட்டின் கே 1987-இல் வேர், வாய்பாடு, உயிர் ஆகியவற்றைத் தனித்தனி நாடாக்களில் வைத்து ஒரே நேரத்தில் படிக்கும் பொறியை முன்மொழிந்தார். ஷெரீன் கோஜா 1999-இல் உருவாக்கிய நிரல் ஒட்டுகளை நீக்கி, எஞ்சியதை வாய்பாடுகளோடு ஒப்பிட்டு, ஃபா, ஐன், லாம் நிற்க வேண்டிய இடங்களில் நிற்கும் எழுத்துகளை வேராகக் கொண்டது. டிம் பக்வால்டர் 2002-இல் வெளியிட்ட பகுப்பாய்வி எதிர்த்திசையில் சென்றது: முன்னொட்டு, சொல்லடி, பின்னொட்டு என மூன்று அகராதிகளும், எது எதனோடு சேரும் என்பதற்கான அட்டவணைகளும் மட்டுமே அதில் உண்டு, வாய்பாடு ஏற்கெனவே ஏறிய சொல்லடிகளை அப்படியே பட்டியலிட்டுவிட்டார். இலக்கண அழகு இல்லாத வழிதான், ஆனால் வேலை நடந்தது, பலரும் அதனையே அடித்தளமாகக் கொண்டனர். இன்றைய நரம்பு வலையமைப்பு மாதிரிகள் சொல்லைத் துண்டுகளாக வெட்டும்போது அடுத்தடுத்துள்ள எழுத்துகளையே ஒரு துண்டாக எடுக்கின்றன. இடைவிட்டு நிற்கும் மெய்வேர் அந்த வெட்டில் ஒரு துண்டாக வந்து விழுவதில்லை.

அரபு சேர்ந்த மொழிக்குடும்பத்துக்குச் செமித்தியம் என்னும் பெயர் 1781-இல் ஆகுஸ்ட் லூத்விக் ஷ்லேட்சரால் இடப்பட்டது. வாய்பாடு அக்குடும்பம் முழுவதிலும் காணப்படுவது. எபிரேயத்தில் பெயர்ச்சொல் வாய்பாட்டை ‘மிஷ்கால்’ என்பர். அதற்கும் எடை என்றே பொருள். வினைக்குரிய ஏழு வாய்பாடுகளுக்கு மட்டும் ‘பின்யான்’, அதாவது கட்டடம், என்று வேறு பெயர். மால்ட்டா தீவின் மொழியாகி உரோமன் எழுத்தில் எழுதப்படும் மால்ட்டீசில் உயிர்கள் வெளிப்படையாகத் தெரிவதால் குழப்பம் குறைவு. எத்தியோப்பியாவில் வழங்கும் அம்ஹாரிக்கின் எழுத்து நம் உயிர்மெய்யைப் போல மெய்யும் உயிரும் ஒன்றிய வடிவம்; எனவே வாய்பாடு மாறினால் எழுத்தே மாறிவிடும். ஒருங்குறியில் தமிழ் ‘கி’ என்பது ககரமும் இகரக்குறியும் என இரு குறியீடுகளாகப் பிரிந்து கிடப்பதால் மெய்யைத் தனியே எடுப்பது எளிது. எத்தியோப்பிய எழுத்திலோ ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே குறியீடு. ஆகவே அம்ஹாரிக்குக்கு நிரல் எழுதுகிறவர் எந்த எழுத்தில் எந்த மெய், எந்த உயிர் என்று அட்டவணையிட்டுப் பிரித்த பிறகே மெய்வேரைத் தேடத் தொடங்க முடியும்.