கிரீமி லேயர்: வளமான பிரிவினர் என்பவர் யார்?

பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தும், பெற்றோரின் பதவி அல்லது வருமானத்தால் ஒன்றிய அரசின் 27% இடஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்படுபவரையே ‘கிரீமி லேயர்’ என்கிறார்கள். 1975இல் கேரள அரசு எதிர் என்.எம். தாமஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இச்சொல்லைக் கையாண்டார். பாலின் மேல் படியும் ஆடைதான் உவமை. 1992இல், பிற்படுத்தப்பட்டோருக்கான 27% ஒதுக்கீடு குறித்த மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதைச் சட்டமாக்கியது. 1993 செப்டம்பர் 8 அன்று வந்த அலுவலக ஆணை அளவுகோலை வகுத்தது.

தமிழில் ‘வளமான பிரிவினர்’ என்பதே பொருத்தம். ‘முன்னேறிய பிரிவினர்’ என்று எழுதுவது தவறு. படிப்பவர் அதை முற்பட்ட வகுப்பு என்று எடுத்துக்கொள்வார். கிரீமி லேயரில் வருபவரின் சாதி மாறுவதில்லை, ஒரு சலுகை மட்டுமே நின்றுபோகிறது.

அதிகம் குழம்புவது வருமானத்தில்தான். ஆண்டு வருமான உச்சவரம்பு 1993இல் 1 லட்சம் ரூபாய். 2017 முதல் 8 லட்சம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதைத் தாண்டினால்தான் ஒதுக்கீடு கிடையாது. பெற்றோரின் வருமானம் மட்டுமே கணக்கு. விண்ணப்பிப்பவரின் சொந்தச் சம்பளம் சேராது. பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் மற்ற வருமானத்தோடு கூட்டவும் கூடாது. தந்தை ‘சி’ பிரிவு (கீழ்நிலை) அரசு ஊழியர், சம்பளம் 9 லட்சம், வீட்டு வாடகையாக வரும் வருமானம் 2 லட்சம் என்றால் அவர் மகள் கிரீமி லேயர் அல்ல. இரண்டையும் கூட்டி 11 லட்சம் என்று பார்த்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் வீணாக உரிமையை இழக்கின்றன. மாறாக, பெற்றோரில் ஒருவர் நேரடித் தேர்வில் ‘ஏ’ பிரிவு (உயர்நிலை) அதிகாரியானவர் என்றால் வருமானத்தைப் பார்க்கவே வேண்டாம், பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கும் வரம்பு 8 லட்சம்தான். ஆனால் அங்கே சம்பளம், விவசாயம் எல்லாம் சேரும். ஒரே எண் என்பதால் இரண்டையும் குழப்புகிறார்கள்.

தமிழ்நாட்டின் 69% ஒதுக்கீட்டில் இந்த வடிகட்டல் இல்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கொண்டுவந்தது. மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்றதும் அதைத் திரும்பப் பெற்று, ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாகவும் உயர்த்தியது. அதனால் மாநிலத்துக்கு வழக்கமான சாதிச் சான்றிதழே போதும். ஒன்றிய அரசு வேலைக்கோ ஐஐடிக்கோ அது செல்லாது. ஒன்றிய அரசின் படிவத்தில் தனியாக ‘ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்), கிரீமி லேயர் அல்லாதவர்’ சான்றிதழ் வாங்க வேண்டும்.